ஐஸ் ஹொக்கியில் கலப்பு அணிகள்: இரசிகர்களின் மனக்குறை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நுவரெலியாவில் தை மாதத்து விடியலில் புல்நுனிகளில் துகள் உறைபனி படியும். அதைவிடக் கெட்டியான பனியை நாங்கள் வீட்டு வாசலில் கண்டதில்லை. ஆயினும் 2016 செப்டெம்பரில், ரொறொன்ரோவில் வாழும் என் அத்தை மகன் கைப்பேசிக்கு அனுப்பிய ஓர் இணைப்பின் வழியாக, ஐஸ் ஹொக்கி உலகக் கிண்ணப் போட்டி இலங்கை மலையகத்தில், அட்டனுக்கு அருகிலுள்ள தேயிலைத் தோட்டத்தில் இருக்கும் எங்கள் லயத்துக்குள் (தொழிலாளர் வரிசை வீட்டுக்குள்) வந்துவிட்டது. அன்று பிடித்துக்கொண்ட விளையாட்டை நான் இன்றுவரை விடவில்லை. எங்கள் தோட்டத்து இளைஞர்களும் வெளிநாட்டில் இருக்கும் உறவினர்களும் அந்தப் போட்டியின் கலப்பு அணிகளைப் பற்றி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளையும், அவற்றுக்கு நான் சொல்லிவரும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

எந்தப் போட்டியைப் பற்றிப் பேசுகிறோம்? கலப்பு அணி என்று எதைச் சொல்கிறோம்?

வட அமெரிக்காவின் தேசிய ஹொக்கி லீக்கும் அதன் வீரர் சங்கமும் சேர்ந்து 2016 செப்டெம்பர் 17 முதல் ரொறொன்ரோவில் நடத்திய உலகக் கிண்ணமே அது. எட்டு அணிகள் ஆடின. கனடா, ஐக்கிய அமெரிக்கா, ரஷ்யா, சுவீடன், பின்லாந்து, செக் குடியரசு ஆகிய ஆறும் நாடுகள். ஏழாவது அணிக்கு ‘ஐரோப்பா’ என்று பெயரிட்டு, மேற்சொன்ன நான்கு ஐரோப்பிய நாடுகளையும் சேராத ஐரோப்பிய வீரர்களை அதில் திரட்டினார்கள். ஸ்லோவாக்கியா, ஜேர்மனி, சுவிற்சர்லாந்து, டென்மார்க், ஸ்லோவேனியா, நோர்வே, ஒஸ்திரியா, பிரான்ஸ் என்று எட்டு நாட்டவர்கள் ஒரே சட்டையை அணிந்து ஆடினார்கள். எட்டாவது அணி ‘வட அமெரிக்கா’. கனடாவையும் ஐக்கிய அமெரிக்காவையும் சேர்ந்த, 23 வயதுக்கு மேற்படாத வீரர்களுக்கென்றே அது அமைக்கப்பட்டது.

ஏற்பாட்டாளர்கள் ஏன் அப்படிச் செய்தார்கள்?

லீக்கில் ஆடும் மிகச் சிறந்த வீரர்கள் எவரும் விடுபடக்கூடாது, ஒருபக்கமாகச் சாய்ந்த ஆட்டங்களும் இருக்கக்கூடாது என்பதே அவர்கள் சொன்ன நியாயத்தின் சாரம். ஓர் அணிக்கு 23 வீரர்கள் தேவை; ஸ்லோவேனியாவுக்கு அன்சே கொப்பித்தார் என்ற மாபெரும் வீரர் இருந்தார், ஆனால் அவரைச் சுற்றி நிற்க அதே தரத்தில் 22 பேர் இருக்கவில்லை. நோர்வேயின் மாட்ஸ் சுக்கரெல்லோவுக்கும் ஒஸ்திரியாவின் தோமஸ் வானெக்குக்கும் இதே நிலைதான். இந்த நியாயத்தில் உண்மை இல்லை என்று நான் சொல்லமாட்டேன்.

அப்படியானால் இரசிகர்களுக்கு ஏன் அவ்வளவு வருத்தம்?

இழந்த இடங்கள் எவருடையவை என்று பார்த்தால் விளங்கும். இதே உலகக் கிண்ணம் அதற்கு முன்னர் 1996 இலும் 2004 இலும் நடந்தது. அந்த இரண்டு முறையும் எட்டு அணிகளும் எட்டு நாடுகளாகவே இருந்தன. ஸ்லோவாக்கியாவும் ஜேர்மனியும் தத்தம் பெயரிலேயே அவற்றில் ஆடின. 2016 இல் அந்த இரண்டு ஆசனங்களும் கலப்பு அணிகளுக்குப் போய்விட்டன. ஸ்லோவாக்கியா 2002 இல் உலகச் சம்பியன். இறுதி ஆட்டத்தில் ரஷ்யாவை 4-3 என்று வென்ற நாடு. 2010 குளிர்கால ஒலிம்பிக்கில் அரையிறுதி வரை வந்து நான்காம் இடத்தைப் பெற்ற நாடு. அப்படிப்பட்ட நாட்டைத் தகுதிகாண் ஆட்டம் ஒன்றில் தோற்கடித்து வெளியே அனுப்பியிருந்தால் அதன் இரசிகர்கள் அழுதுவிட்டு ஏற்றுக்கொண்டிருப்பார்கள். ஆடுகளத்தில் எவரும் அவர்களைத் தோற்கடிக்கவில்லை. ஒரு கூட்டத்தில் எடுத்த முடிவு தோற்கடித்தது. இரசிகருக்குப் பொறுக்காத இடம் இதுதான் என்று நினைக்கிறேன். தோற்பதற்குக்கூட ஒரு நாட்டுக்குத் தன் பெயர் வேண்டும்.

இதை எனக்கு முதலில் உணர்த்தியவர் என் தந்தையார். கனடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் இடையிலான இறுதிச் சுற்றின் இரண்டாவது ஆட்டம் ரொறொன்ரோவில் இரவு எட்டு மணிக்கு, அதாவது எங்களுக்கு மறுநாள் 30 ஆந் திகதி விடியற்காலை ஐந்தரைக்குத் தொடங்கியது. அடுப்படியில் தேநீர்க் கோப்பையோடு உட்கார்ந்திருந்தவருக்குத் தெரியும்படி கைப்பேசியைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்திருந்தேன். முதற் பகுதியிலேயே ஐரோப்பிய அணியின் ஸ்டெனோ சாரா கோல் அடித்தார். ஆறடி ஒன்பது அங்குல உயரமான அவர் மற்றவர்களை மறைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்துவிட்டு, “இந்த ஆளு எந்த நாடு?” என்று அப்பா கேட்டார். ஸ்லோவாக்கியா என்றேன். “அப்ப ஏன் அந்தப் பேருல ஆடல?” என்றார். என்னிடம் பதில் இல்லை. பெரட்டுக்கு (காலையில் வேலைக்கு ஆள் பதியும் இடத்துக்கு) நேரமாகிவிட்டது, ஐரோப்பா முன்னணியில் இருக்கும்போதே அவர் கொங்காணித் துணியைத் தலையில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார். மூன்று நிமிடங்களுக்கும் குறைவான நேரம் எஞ்சியிருக்கையில் பட்ரிஸ் பெர்ஜரோன் சமன் செய்ததையும், ஒரு நிமிடத்துக்கும் குறைவாக இருக்கையில், கனடா ஓர் ஆள் குறைவாக ஆடிக்கொண்டிருந்தபோதே பிராட் மார்ஷண்ட் வெற்றிக் கோலை அடித்ததையும் நான் தனியாகத்தான் பார்த்தேன். மாலையில் வந்து, “அந்த நெட்ட ஆளோட நாடு ஜெயிச்சிச்சா?” என்று கேட்டார். ஐரோப்பா என்ற சொல் அவர் வாயில் வரவேயில்லை.

23 வயது அணியை எல்லோரும் கொண்டாடினார்களே?

கொண்டாடினார்கள், நானும் கொண்டாடினேன். 19 வயதில் தலைவராக நின்ற கொனர் மெக்டேவிட், அதே வயதினரான ஓஸ்டன் மெத்யூஸ், ஜக் ஐக்கல் ஆகியோரின் வேகத்தை அதற்கு முன்னர் நான் எந்த விளையாட்டிலும் கண்டதில்லை. பின்லாந்தை 4-1 என்று வென்றார்கள்; ரஷ்யாவிடம் 3-4 என்று தோற்றார்கள்; சுவீடனை மேலதிக நேரத்தில் நேதன் மெக்கினன் அடித்த கோலால் 4-3 என்று வென்றார்கள். புள்ளிகளில் ரஷ்யாவுடன் சமமாக இருந்தும், நேருக்கு நேர் ஆட்டத்தில் ரஷ்யாவிடம் தோற்றிருந்த காரணத்தால் வெளியேறினார்கள். அவர்கள் போன பிறகு போட்டியில் ஒரு விளக்கு அணைந்தது போலத்தான் இருந்தது.

ஆனால் ஐக்கிய அமெரிக்க இரசிகர் ஒருவரின் இடத்தில் இருந்து பாருங்கள். அவருடைய நாட்டு அணி மூன்று ஆட்டங்களிலும் தோற்றது. அதே வேளையில் அவருடைய நாட்டின் மிகச் சிறந்த இளைஞர்களான மெத்யூசும் ஐக்கலும் பக்கத்து அணியில் கனடாக்காரர்களுக்குப் பந்து கடத்திக்கொண்டிருந்தார்கள் (ஐஸ் ஹொக்கியில் பந்து இல்லை, கறுப்பு இறப்பர் வட்டுத்தான், பேச்சு வழக்கில் அப்படியே வந்துவிடுகிறது). வயது விதி காரணமாக அவர்களைத் தேசிய அணிக்கு எடுக்கவே முடியாது. நல்ல அணியொன்றைத் தெரிவு செய்யாமல் விட்டது தெரிவாளர்களின் தவறு என்றால் அவர்களோடு சண்டை பிடிக்கலாம். விதியோடு எப்படிச் சண்டை பிடிப்பது?

அந்த அணியின் மேல் எல்லோருக்கும் அன்பு இருந்தும் அது மீண்டும் ஒருபோதும் களமிறங்கவில்லை. அதில் ஆடியவர்களுக்கு 24 வயதானதும் அந்த அணிக்கு அவர்கள் அந்நியர்கள். இரசிகர் தன் பிள்ளைக்குக் கைமாற்றிக் கொடுக்க அதில் ஒன்றும் இல்லை.

ஐரோப்பிய அணி இறுதிவரை வந்தது. அதற்குப் பிறகும் குறை சொல்வது நியாயமா?

முன்னோட்ட ஆட்டங்களில் வட அமெரிக்க இளைஞர்களிடம் இரண்டு முறை தோற்றபோது, இது ஒட்டுப்போட்ட அணி என்று பலரும் கைவிட்டார்கள். பயிற்றுநர் ரால்ஃப் குரூகர் கைவிடவில்லை. முதல் ஆட்டத்திலேயே அமெரிக்காவை 3-0 என்று வென்றார்கள். செக் குடியரசை மேலதிக நேரத்தில் லியோன் ட்ரைசைட்டிலின் கோலால் வென்றார்கள். அரையிறுதியில் சுவீடனை, அதுவும் மேலதிக நேரத்தில், தோமாஸ் தாத்தாரின் கோலால் 3-2 என்று வீழ்த்தினார்கள். சில நாட்களுக்குள் எட்டு நாட்டு வீரர்களை ஒரே மனத்தோடு ஆடவைத்தது பெரிய காரியம்.

ஆனால் அந்த வெற்றி அவர்களுடைய ஆட்டத்தின் தரத்தைக் காட்டியதே தவிர, இரசிகர்களின் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. கோல் காப்பாளர் யாரோஸ்லாவ் ஹலாக், பாதுகாப்பில் சாரா, முன்களத்தில் மரியான் ஹோசா, தாத்தார் என்று அணியின் முதுகெலும்பில் பெரும்பகுதி ஸ்லோவாக்கியர்களே. அவர்களில் இவ்வளவு பேர் இறுதி ஆட்டம் வரை வரக்கூடியவர்கள் என்றால், அந்த நாட்டுக்கு ஓர் ஆசனம் கொடுத்திருக்கலாமே என்ற எண்ணம் எனக்கு அந்த வெற்றிகளால் இன்னும் உறுதிப்பட்டது.

கோபத்தை வீரர்கள் மேல் காட்டலாமா?

கூடாது. கொப்பித்தாருக்கு அப்படிப்பட்ட மேடையில் இறுதி ஆட்டம் ஆட வேறு வழி இருக்கவில்லை. பிரான்ஸ் நாட்டுப் பெல்மார், டென்மார்க்கின் நீல்சன் ஆகியோருக்கும் அப்படியே. அழைப்பு வந்தது, போனார்கள், உயிரைக் கொடுத்து ஆடினார்கள்.

மேற்கிந்தியத் தீவுகள் கிரிக்கெட் அணியும் கலப்பு அணிதானே? அதை எவரும் வெறுக்கவில்லையே?

என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. எனக்கு மிகவும் பிடித்த கேள்வியும் இதுதான். ஜமெய்க்கா, பார்படோஸ், டிரினிடாட், கயானா எல்லாம் ஒலிம்பிக்கில் தனித்தனி நாடுகள், உதைபந்தாட்டத்திலும் தனித்தனிதான். கிரிக்கெட்டில் மட்டும் 1928 இல் முதல் டெஸ்ட் ஆட்டம் ஆடிய நாளிலிருந்து ஒரே அணி. அந்தத் தீவுகளில் பல, நாடுகளாக விடுதலை பெறுவதற்கு முன்னரே அணியாகிவிட்டன. 1975 இலும் 1979 இலும் உலகக் கிண்ணத்தை வென்றதும், 2012 இல் கொழும்பிலேயே எங்களைத் தோற்கடித்து இருபது ஓவர் கிண்ணத்தைத் தூக்கியதும் அந்த ஒரே பெயரில்தான். பாட்டன் பார்த்த அணியைப் பேரன் பார்க்கிறான். அந்த அணிக்காக எந்தத் தீவின் வாசலும் வெளியிலிருந்து எவராலும் அடைக்கப்படவில்லை. தீவுகள் தாமே சேர்ந்தன, சேர்ந்தே இருந்தன.

கலப்பு என்பதே இரசிகரை உறுத்துவதில்லை. 1996 பெப்ரவரியை நினைத்துப் பார்க்கச் சொல்வேன். கொழும்பு மத்திய வங்கிக் குண்டுவெடிப்புக்குப் பின் அவுஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் உலகக் கிண்ண ஆட்டங்களுக்கு இலங்கை வர மறுத்தபோது, இந்திய, பாகிஸ்தான் வீரர்கள் ஒரே அணியாகக் கொழும்புக்கு வந்து இலங்கையோடு ஆடினார்கள். டெண்டுல்கரும் வாசிம் அக்ரமும் ஒரே பக்கத்தில். அந்த அணி ஒரே ஒரு நாள்தான் வாழ்ந்தது. ஆனாலும் அதை இங்கே எவரும் குறை சொல்லக் கேட்டதில்லை; ஏனென்றால் எவருடைய இடத்தையும் எடுத்துக்கொண்டு அது வரவில்லை.

முத்தையா முரளிதரனும் உலக அணிக்கு ஆடினார் அல்லவா?

ஆம். கண்டியில் பிறந்த எங்கள் மலைநாட்டுப் பிள்ளையின் 800 டெஸ்ட் விக்கெட்டுகளில் 795 தான் இலங்கைக்காக எடுக்கப்பட்டவை. மீதி ஐந்தும் 2005 ஒக்டோபரில் சிட்னியில் அவுஸ்திரேலியாவுக்கு எதிராக உலக பதினொருவர் அணிக்காக எடுத்தவை. அந்த ஆட்டத்தை அதிகாரபூர்வ டெஸ்ட் ஆட்டமாகக் கணக்கெடுத்தது சரியா என்ற விவாதம் அன்றே எழுந்தது. எங்கள் தோட்டத்துக் கடையில் 800 என்ற எண்ணைக் கேட்டால் சிறுவர்களும் சொல்வார்கள். காலியில் 2010 ஜூலையில் விழுந்த கடைசி விக்கெட்டை விவரிக்கவும் பலருக்குத் தெரியும். சிட்னியில் எடுத்த ஐந்தில் ஒன்றையாவது விவரிக்கும் எவரையும் நான் இன்னும் சந்திக்கவில்லை. அதே கை, அதே சுழல், உலகின் மிகப் புகழ்பெற்ற மைதானங்களில் ஒன்று. ஆனாலும் அந்த ஐந்தும் எங்களுடையவையாக மனத்தில் பதியவில்லை.

2018 ஒலிம்பிக்கில் இரு கொரியாக்களும் சேர்ந்து ஆடியதும் ஐஸ் ஹொக்கிதானா?

அதுவும் ஐஸ் ஹொக்கிதான், மகளிர் அணி. பியோங்சாங் போட்டி தொடங்குவதற்குச் சில வாரங்களே இருக்கையில், தென் கொரியாவின் 23 பேரோடு வட கொரியாவின் 12 பேரைச் சேர்த்தார்கள். ஒவ்வோர் ஆட்டத்திலும் குறைந்தது மூன்று வட கொரிய வீராங்கனைகளைப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்பது நிபந்தனை. அந்த ஒலிம்பிக்குக்காகவே ஆண்டுக்கணக்கில் பயின்ற சில பெண்கள் ஆடாமல் பக்கத்தில் உட்கார நேர்ந்தது. தென் கொரியாவின் இளைய தலைமுறையே இதை அதிகம் எதிர்த்தது. சமாதானம் வேண்டாம் என்று அவர்கள் சொல்லவில்லை. உழைத்தவரின் இடத்தை அதற்கு விலையாகக் கொடுக்காதீர்கள் என்றார்கள்.

ஐந்து ஆட்டங்களிலும் தோற்றார்கள். இரண்டு கோல்களை அடித்து 28 கோல்களை வாங்கினார்கள். முதலிரு ஆட்டங்களிலும் 0-8. பிறகு ஜப்பானுக்கு எதிராக ராண்டி ஹீசூ கிரிஃபின் அடித்த வட்டு, கோல் காப்பாளரின் கால்களுக்கிடையே மெதுவாக ஊர்ந்து போய்க் கோலானபோது அரங்கமே எழுந்து நின்றது. பிரிந்த குடும்பங்களுக்கு அந்தக் காட்சி எத்தகையது என்பதை, கப்பலேறி இந்தியா போன உறவுகளை மீண்டும் காணாமலே மூத்தவர்கள் இறந்துபோன மலையகத்தில் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. அந்த அணியைப் பற்றி எனக்கு இன்றும் ஒரே மனம் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்த பெண்ணையும் நினைக்கிறேன். எழுந்து நின்ற அரங்கத்தையும் நினைக்கிறேன்.

மலையகத்திலிருந்து பார்க்கும் ஒருவருக்கு இதில் என்ன இவ்வளவு அக்கறை?

1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளியினரான எங்கள் முன்னோரில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. என் பாட்டனார் எந்தப் படிவத்திலும் நாடு என்ற இடத்தை நிரப்ப முடியாதவராகவே இறந்தார். எஞ்சியிருந்தோருக்குக் குடியுரிமைக்கு வழி திறந்த சட்டம் 2003 இல்தான் வந்தது. அணியின் பெயர் சட்டையில் தைத்த ஒரு துணிதானே என்று பிறர் சொல்லும்போது நான் உடனே தலையாட்டாததற்கு இது ஒரு காரணம்.

இன்னொரு காரணம் சிறியது, ஆனால் நானே கண்டது. சில ஆண்டுகளுக்கு முன்னர் எங்கள் பக்கத்துத் தோட்டங்களுக்கிடையே மென்பந்துக் கிரிக்கெட் சுற்றுப்போட்டி ஒன்று நடந்தது. எட்டு அணிகளுக்குத்தான் இடம் என்று சொல்லி, எங்களுடையது உட்பட மூன்று சிறிய டிவிசன்களை (தோட்டப் பிரிவுகளை) ஒன்றாக்கிக் ‘கூட்டு அணி’ என்று பெயர் எழுதிக்கொண்டார்கள். எங்களிடம் எவரும் கேட்கவில்லை. என் தம்பி விக்கெட் காப்பாளர். அணி நன்றாகவே ஆடியது, அரையிறுதியும் வென்றது. ஆனால் வழக்கமாகக் கொழுந்து நிறுத்துவிட்டு நேரே மைதானத்துக்கு வந்து கூடையை வரம்பில் கவிழ்த்து வைத்துச் சத்தம் போடும் எங்கள் டிவிசன் பெண்கள், அந்த முறை மேல்பாதையில் நின்று சிறிது நேரம் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். எதற்குக் கத்துவது என்று தெரியவில்லை என்று அம்மா பிறகு சொன்னார். வழக்கமாக அவர்கள் கூப்பிடுவது டிவிசனின் பெயரை.

கலப்பு அணி இல்லாவிட்டால் சிறிய நாட்டின் பெரிய வீரர் வெளியேதானே இருப்பார்?

இருக்கலாம், 2025 பெப்ரவரியில் அதுவே நடந்தது. மொன்ட்ரியலிலும் பொஸ்டனிலும் லீக் நடத்திய நான்கு நாடுகள் போட்டியில் கனடா, ஐக்கிய அமெரிக்கா, சுவீடன், பின்லாந்து மட்டுமே ஆடின. இறுதி ஆட்டத்தில் மெக்டேவிட் மேலதிக நேரத்தில் கோல் அடிக்க, கனடா 3-2 என்று அமெரிக்காவை வென்றது. ஆட்டங்கள் அனல் பறந்தன. நாட்டின் பெயர் எவ்வளவு சூட்டைத் தரும் என்பதற்கு வேறு சான்று வேண்டாம். ஆனால் அந்தப் பருவத்தில் லீக்கில் மிக அதிக கோல்களை அடித்த ட்ரைசைட்டில் ஜேர்மனியர் என்பதால் அந்தப் போட்டியில் இல்லை. செக் நாட்டு டேவிட் பாஸ்டர்நாக்கும் இல்லை. இதைக் காட்டி, பார்த்தீர்களா, கலப்பு அணியே மேல் என்று என் அத்தை மகன் வாதாடுகிறார். கலந்து ஆடுவதா, வெளியே நிற்பதா என்று இரண்டே வழிகளைக் காட்டினால் நானும் தயங்குவேன். ஆனால் மூன்றாவது வழி ஒன்று எப்போதும் இருந்துகொண்டேதான் இருக்கிறது.

அந்த மூன்றாவது வழி என்ன?

ஆசனங்களைக் கூட்டுவதும், அவற்றில் சிலவற்றையாவது தகுதிகாண் ஆட்டங்களுக்கு விடுவதும். சர்வதேச ஐஸ் ஹொக்கிச் சம்மேளனம் ஆண்டுதோறும் நடத்தும் உலகச் சம்பியன்ஷிப்பின் உயர் பிரிவில் 16 நாடுகள் ஆடுகின்றன. கடைசியில் வருபவை கீழ்ப்பிரிவுக்கு இறங்க, கீழ்ப்பிரிவில் வென்றவை மேலே வருகின்றன. லீக்கின் இறுதிச் சுற்றுகள் நடக்கும் காலத்திலேயே அது நடப்பதால் பெரிய வீரர்கள் பலர் வரமுடிவதில்லை என்பதே அதன் குறை. சிறிய நாடுகள் எவ்வளவு தூரம் போகும் என்று கேட்பவர்களுக்கு அண்மைய ஆண்டுகளே பதில்: சுவிற்சர்லாந்து 2013 இல் உலகச் சம்பியன்ஷிப்பில் வெள்ளி வென்றது, ஜேர்மனி 2018 ஒலிம்பிக்கில் வெள்ளி வென்றது, ஸ்லோவாக்கியா 2022 ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்றது. மூன்றுமே 2016 இல் ‘ஐரோப்பா’ என்ற பெயருக்குள் மடித்து வைக்கப்பட்ட நாடுகள்.

உலகக் கிண்ணத்தை 2028 இல் மீண்டும் நடத்தப்போவதாக லீக் அறிவித்திருக்கிறது. தம்பியின் மகனுக்கு அப்போது பள்ளிக்கூடம் போகும் வயதாகிவிடும். விடியற்காலை ஆட்டம் என்றால் அவனையும் எழுப்பிச் சீனிப் போத்தலுக்கு முன்னால் உட்காரவைப்பேன். யார் எந்த நாடு என்று அவன் கேட்டால், இந்த முறை அணியின் பெயரையே பதிலாகச் சொல்ல முடியவேண்டும்.